ரெங்கனின் முழங்காலும் நான் ஏறிய பல்லக்கும்

போன மாதம் ஒரு பையன் கைபேசியில் படம் அனுப்பினான். என்னிடம் கொஞ்ச காலம் தொழில் பழகியவன், இப்போது மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். படத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு முழங்கால், மேகமூட்டமான அமாவாசை மாதிரி. கீழே எழுதியிருந்தான்: “சார், முன் ஜவ்வு முழுசா அறுந்திருக்கு. ஆபரேஷன் வேணுமா, பயிற்சி மட்டும் போதுமா? உங்க அனுபவத்துல என்ன சொல்லுவீங்க?”

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன், படத்தைத் தலைகீழாகவும் பார்த்தேன். அனுபவம் என்றால் தெளிவு என்று நினைத்துவிட்டான் பாவம். இந்தக் கேள்வியில் நான் குழம்பிய குழப்பத்துக்கு நான் வேலை பார்த்த ஆலையிலே தனியாக ஒரு ஷிப்ட் போட்டிருக்கலாம்.

ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலை ஆஸ்பத்திரியில் எண்பதுகளின் நடுவில் சேர்ந்தவன் நான். தொண்ணூறுகளையும் அங்கேயே தள்ளிவிட்டு, பிற்பாடு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். பிசியோதெரபிஸ்ட் என்ற சொல் ஆலைக்காரர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நரம்பு தளர்ந்த தசையை மின்சாரம் வைத்துத் தூண்டுகிற பெட்டி ஒன்று என் அறையில் இருந்தது. அதனால் நான் ‘கரண்ட் சார்’ ஆனேன். அதற்கு முன் சென்னையில் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. புத்தகத்தில் எல்லா முழங்காலும் ஒரே மாதிரி இருந்தன.

எனக்கு மேலே இருந்தவர் எலும்பு டாக்டர் பொன்னையா. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். வாயில் ஒரு கிராம்பு எப்போதும் இருக்கும். பேசும்போது அதைக் கன்னத்துக்கு ஒதுக்குவார். கிராம்பு ஒதுங்கினால் யாருக்கோ திட்டு விழப்போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த யாரோ நான்தான்.

முழங்காலை அவர் சோதிக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எங்கள் பக்கம் ஸ்கேன் எல்லாம் ஏது? கைதான். முதலில் நல்ல காலைத்தான் தொடுவார். அடிபட்ட காலைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பவர், “டாக்டர், இந்தக் கால் இல்ல, அந்தக் கால்” என்று பதறுவார். காதில் வாங்க மாட்டார். முழங்காலை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையின் கீழ்ப்பகுதியைப் பிடித்து, மறு கையால் கெண்டைக்கால் எலும்பைச் சுண்டி முன்னால் இழுப்பார். கண்ணை மூடிக்கொள்வார். நல்ல காலில் இழுப்பு ஓரிடத்தில் டக்கென்று நிற்கும், கட்டின மாடு கயிற்றின் நீளம் முடிந்ததும் நிற்கிற மாதிரி. பிறகு அடிபட்ட கால். அங்கே கயிறு இல்லை. எலும்பு தன் பாட்டுக்கு முன்னால் வரும், எங்கே நிற்பது என்று அதற்கே தெரியாது.

“நல்லதைத் தொட்டுப் பாத்தாத்தானவே கெட்டது எம்புட்டுக் கெட்டதுன்னு தெரியும்” என்பார்.

அவர் செய்கிற இன்னொரு காரியம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. சோதித்து முடித்ததும் நோயாளியிடம் இரண்டு வழியையும் சொல்லுவார். “மதுரைக்குப் போய் ஆபரேஷன் பண்ணலாம். பண்ணாமலும் தசையைக் கெட்டியாக்கி ஓட்டலாம். யோசிச்சுக்கிடுங்க.” சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். நோயாளி திரும்பி என்னைப் பார்ப்பார். நான் சுவரைப் பார்ப்பேன்.

அப்போது அந்த ஆபரேஷன் லேசுப்பட்டது இல்லை. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாரில் ஒரு பட்டையை வெட்டி எடுத்து, எலும்பில் துளைபோட்டு, அறுந்த ஜவ்வு இருந்த இடத்தில் கோத்து முடுக்குவார்கள். அப்புறம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தால் கால் முருங்கைக்காய் மாதிரி நீண்டு நிற்கும், மடங்காது. அதை மடக்க வைக்கிற வேலை என்னுடையது. ஆபரேஷன் செய்துகொண்டு வந்த ஆலை மெஷின் பிட்டர் ஒருவர் நன்றாக நடந்து, ஓடி, என்னை மறந்தே போனார். அதே ஆபரேஷன் செய்துகொண்ட இன்னொருவர் கடைசிவரை தரையில் சம்மணம் போட முடியாமல், விசேஷ வீட்டுப் பந்தியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நாற்காலி கேட்டார். ஆபரேஷன் வேண்டாம் என்று பயிற்சி செய்தவர்களிலும் இதே கூத்து. ஒருவர் சைக்கிளில் மலையடிவாரச் செண்பகத்தோப்பு வரை போய்வந்தார். மற்றொருவர் பஸ் படியில் இறங்கும்போதெல்லாம் முழங்கால் விலகி விழுந்தார். ஒரு கட்டத்தில் யார் கேட்டாலும் ‘டாக்டரையே கேளுங்க’ என்று தள்ளிவிட ஆரம்பித்தேன்.

இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் ரெங்கன் வந்தான். தொண்ணூறுகளின் ஆரம்பம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆலை பஸ்ஸில் ஷிப்டுக்கு வந்துபோகிற ஆள். ஆலை மைதானத்தில் வாலிபால் ஆடும்போது எம்பிக் குதித்து வலது காலில் இறங்கியிருக்கிறான். உள்ளே ‘டப்’பென்று சத்தம். அன்று மாலைக்குள் முழங்கால் பூசணிக்காய். நாட்டுவைத்தியரிடம் கட்டுப்போட்டு வீக்கம் வற்றியதும் நடந்து பார்த்தான். நேராக நடந்தால் ஒன்றும் இல்லை, திரும்பினால் மடக்கென்று போகிறது. பொன்னையா நல்ல காலை இழுத்தார், கெட்ட காலை இழுத்தார், கண்ணைத் திறந்தார், இரண்டு வழியையும் சொன்னார், எழுந்து போனார்.

ரெங்கன் என்னைப் பார்த்தான். “ஆபரேஷன்னா எம்புட்டு நாளு சார் ஆகும்?”

“பழைய மாதிரி ஆக ஒரு வருசம் வச்சுக்கிடுங்க.”

“ஆடிக்கு ஆகாதா?”

“ஆடியில என்ன?”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய கோவில் ஒன்றுதான் தெரியும். ரெங்கன் வீடு இருந்த பக்கம் சின்னப் பெருமாள் கோவில் ஒன்று உண்டு. அங்கே ஆடி உற்சவத்தில் சாமி பல்லக்கில் நாலு தெருவும் சுற்றும். இரண்டு தண்டு, நாலு தோள். நாலு தோளும் நாலு குடும்பத்துக்கு உரிமை. எந்தக் குடும்பத்துக்கு எந்த முனை என்பது வரைக்கும் வழக்கம். ரெங்கன் குடும்பத்துக்குப் பின்னால் வலது முனை. அப்பா இறந்தபின் அவன்தான் தூக்குகிறான்.

“ஒரு வருசம் விட்டா சித்தப்பா மகன் தோள் குடுத்துருவான் சார். குடுத்தது குடுத்ததுதான். பொறவு நான் குடை பிடிக்கக்கூட நிக்க முடியாது.”

“அதுக்காக சாமியைத் தூக்கிட்டு மடக்குன்னு விழுந்தீங்கன்னா?”

அவன் பயமே அதுதான் என்று முகத்தில் தெரிந்தது. இடம் போய்விடுமே என்பது ஒரு பயம், இடத்தில் நின்று சாமியைப் போட்டுவிடுவோமோ என்பது அதைவிடப் பெரிய பயம். இரண்டையும் சேர்த்து என் மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

நான் நேராகப் பொன்னையாவிடம் ஓடினேன். “சார், நீங்க சொல்லுங்க. ஆபரேஷனா, பயிற்சியா?”

கிராம்பு ஒதுங்கியது. “ஆடி வரைக்கும் பயிற்சி குடும். தூக்கலாமா கூடாதான்னு ஆடிக்கு முந்தி நீரே சொல்லும்.”

“நானா?”

“கரண்ட் சார் நீரு ஒருத்தர்தானவே இங்க இருக்கீரு?”

பயிற்சி ஆரம்பமானது. காலில் மணல்மூட்டை கட்டி நீட்டித் தூக்குவது, சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்கார்ந்து நிற்பது, குதிகாலை இழுத்துத் தொடையின் பின் தசையை முறுக்குவது. ஜவ்வு செய்த வேலையைத் தசை கற்றுக்கொள்ள வேண்டும், அதுதான் சூத்திரம். மணல்மூட்டைக்குத் துணி, ஆலைக் கழிவிலிருந்து. நிலை தடுமாறாமல் நிற்கப் பழக, நூல் சுற்றித் தேய்ந்துபோன பெரிய மரப் பாபின் ஒன்றைப் படுக்க வைத்து அதன்மேல் பலகை போட்டேன். எப்படி நிற்பது என்று செய்து காட்ட நான் ஏறினேன். அடுத்த கணம் கட்டிலுக்கு அடியில் இருந்தேன்.

“இப்படியா சார் செய்யணும்?” என்றான் ரெங்கன்.

“இப்படிச் செய்யக்கூடாதுன்னு காட்டினேன்.”

அவன் ஒரு நாளும் தவறவில்லை. ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தூசி அப்பிய தலையோடு வந்து நிற்பான். தொடை திரண்டது. பாபின் பலகைமேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு என்னிடம் ஊர்க்கதை பேசுகிற அளவுக்கு வந்தான். வெறுமனே நடந்து திரும்பினால் எந்தப் பக்கமும் நழுவவில்லை. ஆனால் தோளில் சுமை ஏறினால்? அதைச் சோதிக்காமல் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆடி நெருங்கியபோது, பல்லக்குத் தூக்குகிற மற்ற மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தேன். அவர்களில் மூத்தவர் சீனி, முன்னால் தூக்குபவர். இரண்டு மூங்கில் கோத்த கித்தான் ஸ்ட்ரெச்சர்தான் பல்லக்கு. மணல்மூட்டைகளை எல்லாம் அடுக்கினோம். சீனி தோளில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது காத்து மாதிரி இருக்கு. பல்லக்கு கனம் வேற. ஒரு ஆளு ஏறினாச் சரியா இருக்கும்.”

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அறிவியலுக்காக ஏறினேன். ஸ்ட்ரெச்சரின் நடுவில் மணல்மூட்டைகளுக்கு மத்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் தூக்கினார்கள். தோள் உயரம் என்பது கீழே நின்று பார்க்கும்போது ஒன்று, மேலே இருந்து பார்க்கும்போது வேறு. இரண்டு மூங்கிலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மருந்து வாங்க வரிசையில் நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பியது. “ஏட்டி, கரண்ட் சாரு எழுந்தருளுதாரு பாரு” என்றது ஒரு குரல். ஒரு மூதாட்டி யோசிக்காமல் கும்பிட்டேவிட்டார். நான் பயத்தில் கையை எடுக்க முடியாததால் ஆசீர்வாதம் செய்யவில்லை.

“ஆஸ்பத்திரியை ஒரு சுத்து வாங்க” என்றேன். நான் தலையால் காட்டியது வலப்பக்கம். அவர்கள் இடப்பக்கம் நடந்தார்கள்.

“சீனி அண்ணாச்சி, அந்தப் பக்கம்.”

“மனுசனைத் தோள்ல வச்சு வலம் வர மாட்டோம் சார். எங்க தோள்ல வலம் வாரது பெருமாளு, அவரு ஒருத்தருதான். கோவிச்சுக்கிடாதீங்க.”

“அப்போ இடமாவா? நாலு பேரு தூக்கி இடமாச் சுத்துனா அதுக்குப் பேரு வேறயாச்சே.”

“அசையாம உக்காருங்க. அசைஞ்சா நீங்க சொன்னபடி ஆயிரும்.”

நாலு மூலையும் திரும்பினார்கள். ஒவ்வொரு மூலையிலும் நான் எட்டிப் பின்னால் பார்த்தேன். ரெங்கனின் முழங்கால் கல் மாதிரி நின்றது. இறக்கிவிட்டபோது ஜன்னலில் பொன்னையா. “என்னவே, குடைக்கும் மேளத்துக்கும் சொல்லட்டுமா?”

சீனி என்னிடம் கேட்டார்: “நீங்க சொல்லுங்க சார். தூக்கலாமா?”

“தூக்கலாம்” என்றேன். என் வாழ்க்கையில் நான் தெளிவாகச் சொன்ன ஒரே பதில்.

உற்சவத்தன்று சாயங்காலம் நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். என் வேலைப்பாட்டை நானே கண்ணால் பார்க்க வேண்டாமா? புதுச் சட்டை வேறு. பல்லக்கு புறப்பட்டது. முன்னால் மேளமும் நாதஸ்வரமும், நடுவில் நாலு தோள், பின்னால் கூட்டம். ரெங்கன் பின் வலது முனையில் நிமிர்ந்து நடந்தான். முதல் தெருவில் அவன் நடையைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் “அந்தப் பின் ஆளுக்கு முழங்கால் நான் சரிபண்ணினது” என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது மேளக்காரர்கள் மூலையில் திரும்பினார்கள். வலப்பக்கம்.

எனக்கு உள்ளே ஏதோ ‘டப்’பென்றது.

கோவில் பல்லக்கு வலம்தான் வரும். நாலு மூலையிலும் வலப்பக்கம்தான் திரும்பும். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற சங்கதி இது. ஆஸ்பத்திரியில் அவர்கள் இடமாகச் சுற்றியபோது, பின் வலது ஆளான ரெங்கன் வெளிவட்டத்தில் அகலமாக நடந்து வந்தான். முழங்காலை முறுக்கவே வேண்டியிருக்கவில்லை. வலமாகத் திரும்பும்போது அவன் உள்வட்டம். மற்ற மூன்று பேரும் நகர, அவன்தான் அச்சு. வலது காலை நட்டு, அத்தனை கனத்தையும் தாங்கி, நின்ற இடத்தில் திரும்ப வேண்டும். ஜவ்வு இல்லாத முழங்கால் எந்த முறுக்கலுக்கு விலகுமோ, சரியாக அந்த முறுக்கல். நான் அவ்வளவு பாடுபட்டுச் சோதித்தது சாமியே திரும்பாத பக்கத்தை.

ஓடினேன். ஒரு செருப்பு முதல் தெருவிலேயே நின்றுவிட்டது. பொரிகடலைக் கடைக்காரரின் தராசைத் தட்டிவிட்டேன். தவில்காரர் முழங்கை என் விலாவில் ஒரு அடி போட்டது. எப்படியோ முன்னால் போய்ச் சீனியைப் பிடித்தேன்.

“அண்ணாச்சி, நிறுத்துங்க. ரெங்கனை இடது பக்கம் மாத்துங்க.”

சீனி தலையைத் திருப்பவில்லை. “சாமி தோள்ல இருக்கையில பக்கம் மாத்துறதா? இறக்கித்தான் மாத்தணும். இறக்குற மண்டகப்படி மூலை தாண்டித்தான் இருக்கு.”

“மூலைதான் பிரச்சனை.”

“அப்போ தாண்டிட்டுப் பேசுவோம். விலகுங்க.”

பின்னால் ஓடி ரெங்கன் பக்கத்தில் ஒண்டினேன். “ரெங்கா, காலை நட்டுத் திரும்பாதே. சின்னச் சின்ன எட்டா வச்சுத் திரும்பு. கேக்குதா?”

“பேசாம வாங்க சார். மூச்சு போகுது.”

மூலை வந்தது. குறுகலான மூலை. முன் ஆட்கள் வலப்பக்கம் வீசித் திரும்பினார்கள். ரெங்கன் சின்ன எட்டு ஒன்று வைத்தான், இன்னொன்று வைத்தான். மூன்றாவதுக்கு இடம் இல்லை. பின்னால் கூட்டம் நெருக்கியது. வலது கால் நட்டுக்கொண்டது. முழங்கால் உள்ளுக்குள் ஒரு வழுக்கு வழுக்கியதை நான் பார்த்தேன். தண்டு ஒரு சாண் இறங்கியது. சாமிக்குச் சாத்தியிருந்த மாலை ஒருபக்கமாக ஆடியது.

“ஏலே ரெங்கா” என்றார் சீனி, அடிக்குரலில்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? கண்ணை மூடிக்கொண்டேன். பொன்னையா மாதிரி ஞானத்தோடு மூடவில்லை, சும்மா மூடினேன். திறந்தபோது தண்டு பழைய உயரத்தில் இருந்தது. ரெங்கனின் தொடை பாறை மாதிரி விம்மி நின்றது. முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மூட்டு விலகியது, தசை பிடித்துவிட்டது. மற்ற மூன்று தோளும் விடவில்லை. கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. சாமி ஆடி ஆடி வருவதுதானே அழகு? “கோவிந்தா” என்று ஒரு சத்தம் எழும்பி அடங்கியது.

மண்டகப்படியில் பல்லக்கை இறக்கியதும் ரெங்கன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான். வீக்கம் இல்லை.

“அவ்வளவுதானா சார்?” என்றான். “சித்தப்பா மகன் அந்தா நிக்கான். கூப்பிடவா?”

நான் சீனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடமாகச் சுற்றியது, வலமாகச் சுற்றுவது, உள்வட்டம், வெளிவட்டம், அச்சு. பதற்றத்தில் தரையில் விபூதியால் படம் வேறு போட்டுக்காட்டினேன். பெருமாள் கோவில் மண்டகப்படியில் விபூதி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, என் சட்டைப் பையில் இருந்திருக்க வேண்டும். சீனி படத்தைக் காலால் அழித்தார்.

“செத்த நேரம் சும்மா இருங்க சார்.” பின் இடது முனைக்காரரைப் பார்த்தார். “மாப்ள, நீ வலது வா. அவன் இடது போகட்டும்.”

“வழக்கம் என்னாகும் மாமா?”

“தோளு அவிய வீட்டுத் தோளுதான. பக்கம்தான மாறுது. அவரு ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு.”

மீதி மூன்று மூலையும் ரெங்கன் வெளிவட்டத்தில் நடந்தான். ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பா மகன் கடைசிவரை தோளைத் தடவிக்கொண்டே வந்தான்.

மறுநாள் ரெங்கனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொன்னையாவிடம் சொன்னேன். நல்ல காலை இழுத்தார், கெட்ட காலை இழுத்தார். அது முன்பு மாதிரியேதான் வந்தது. எந்தப் பயிற்சியும் அறுந்த ஜவ்வை ஒட்ட வைக்கவில்லை.

“நீங்க என்ன சார் சொல்றீங்க?” என்றேன். “நான் செஞ்சது சரியா, தப்பா? விலகவும் செஞ்சிருக்கு, தாங்கவும் செஞ்சிருக்கு.”

கிராம்பு ஒதுங்கியது. நான் தயாரானேன்.

“எனக்கும் தெரியலவே” என்றார். அவர் எனக்குக் கொடுத்த பெரிய சான்றிதழ் அதுதான். குழம்புவது நான் மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போகும்போது வாசலில் நின்று, “அடுத்து எவனாவது இதே ஜவ்வோட வந்தா, வைத்தியம் சொல்லுறதுக்கு முந்தி அவன் எந்தப் பக்கம் திரும்பிப் பிழைக்கான்னு கேளும்” என்றார்.

ரெங்கன் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. வாலிபாலை விட்டான், மணல்மூட்டையை விடவில்லை. அதே சமயத்தில் அதே ஜவ்வு அறுந்து வந்த ஒரு கபடிக்காரனை நானே வற்புறுத்தி மதுரைக்கு அனுப்பினேன். களத்தில் அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவனுக்கே தெரியாதே. அவனும் நன்றாகத்தான் இருக்கிறான். இதில் என்ன முடிவுக்கு வருவது?

படம் அனுப்பிய பையனுக்குப் பதில் எழுதினேன்: “ஆள் என்ன வேலை செய்கிறார், வேலையில் எந்தப் பக்கம் திரும்புவார்?” அவன் ஒரு கேள்விக்குறியை மட்டும் திருப்பி அனுப்பினான். இன்னும் விசாரிக்கவில்லை போல.

இந்த வருடம் ஆடிக்கு அந்தச் சின்னக் கோவிலுக்குப் போயிருந்தேன். ரெங்கன் தோள் கொடுப்பதை விட்டுவிட்டு மேளத்துக்கு முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான், லேசாகச் சாய்ந்து. அவன் மகன் பல்லக்கின் பின் இடது முனையில். இரண்டு முழங்காலும் இரும்பு. வலமும் இடமும் எப்படி வேண்டுமானாலும் திரும்பக்கூடிய பையன்.

பக்கத்தில் நின்ற ஒருவர், நான் வெளியூர் என்று நினைத்து விளக்கம் சொன்னார்: “அந்த இடது பின் முனை இருக்கு பாருங்க, அது அவிய வீட்டுக்கு மட்டும்தான். ராஜா காலத்துல குடுத்த உரிமையாம். அவிய வலது பக்கம் நிக்கவே கூடாது, அப்படி ஒரு வழக்கம்.”

“அப்படியா?” என்றேன்.

மூலை வந்தது. பல்லக்கு வலப்பக்கம் திரும்பியது. பழக்கதோஷம், கண்ணை மூடிக்கொண்டேன்.